குதிரையின் முரண்டும் மார்கழி ஈரமும்

விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ள பனமலையில் மார்கழி விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். ஏரிக்கரையில் பனி மூடிக் கிடக்கும். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் குன்றின் மேல் மங்கலாகத் தெரியும். காதை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்கள் டீக்கடைக்கு நடப்பார்கள். நமக்கு அது நடுக்குகிற குளிர். அதே தெருவில் ஒரு குதிரை கட்டியிருந்தால், ஆண்டிலேயே அதன் உடம்புக்கு மிகவும் இதமான வேளைகளில் அதுவும் ஒன்று. நமக்குக் குளிர்கிறதே என்று அதற்கும் சாக்கைப் போர்த்தி, லாயத்தின் நாலு பக்கமும் படுதா கட்டி அடைத்துவிடுகிறோம். அப்புறம் அது காலை உதைத்தாலோ, கடிவாளம் போட வாயைத் திறக்க மறுத்தாலோ, ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

குதிரைகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஐப்பசி முதல் தை வரையிலான நான்கு மாதங்களில் நாம் குணம் என்று நினைப்பதில் பெரும்பகுதி, ஈரமும் அடைப்பும் பசியும் வலியும் பேசுகிற பேச்சு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் குதிரை வளர்ப்பவர் மழைக்காலத்தை நல்லபடியாகக் கடக்க முடியும்.

இந்த வட்டாரத்தில் ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன. இன்று இருப்பவை கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற குதிரைகள், ஆசைக்கு வளர்க்கிற மட்டக்குதிரைகள், ஆரோவில் பக்கத்துச் சவாரிப் பள்ளிக் குதிரைகள். பலர் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் கூடும் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை வாங்கி வருகிறார்கள். அந்த இனங்கள் வறண்ட ராஜஸ்தானத்திலும் கத்தியவாரிலும் உருவானவை. ஆடியில் வாங்கிய குதிரை மூன்றே மாதத்தில் வடகிழக்குப் பருவமழையில் நிற்கும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 3.4 லட்சமே மிஞ்சியிருக்கின்றன. 2012இல் அவை 6 லட்சத்துக்கு மேல் இருந்தன. எண்ணிக்கை குறையும்போது குதிரையை அறிந்த ஆட்களும் குறைகிறார்கள். இழப்பின் பெரிய பகுதி அதுதான்.

குளிர் வேறு, ஈரம் வேறு

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வெப்ப வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் இருக்கும்வரை உடல் சூட்டைக் காக்க அது தனியாக உழைக்க வேண்டியதில்லை. மிதமான தட்பவெப்பத்துக்குப் பழகிய வளர்ந்த குதிரைக்கு அந்த வரம்பு சுமார் 5 முதல் 25 டிகிரி வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கனடாவின் உறைபனிக்குப் பழகிய குதிரைகள் மைனஸ் 15 டிகிரி வரைகூடத் தாங்கும். இந்தக் கணக்கில் பனமலையின் மார்கழி, குதிரைக்குக் குளிர்காலமே இல்லை. அதற்குக் கஷ்ட காலம் என்றால் சித்திரையும் வைகாசியும்தான்.

இந்தத் தாங்கு திறனுக்குக் காரணம் இரண்டு. முதலாவது, வயிறு. குதிரையின் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் பை போல விரிந்திருக்கும் குடல்வாயிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலின் நாரைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பில் சூடு பிறக்கிறது. அதனால் குளிர்ந்த இரவில் குதிரையைச் சூடாக வைத்திருப்பது மேலே போடும் போர்வையைவிட முன்னால் போடும் புல். இரண்டாவது, ரோமம். குளிரில் ரோமம் சிலிர்த்து நிமிரும்போது இடையில் காற்று சிறைப்படுகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

ரோமம் நனைந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கூடவே காற்றும் வீசினால் 20 டிகிரியிலும் குதிரை நடுங்கும். இன்னொன்றும் உண்டு. குதிரைக்குக் குளிர்கால ரோமம் அடர்ந்து வளர்வது முக்கியமாகப் பகல் குறைவதை மூளை உணர்வதால்தான். வடநாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேர வித்தியாசம் இருக்கும். 12 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே நம் குதிரைக்குப் பெரிய ரோமப் போர்வை முளைப்பதில்லை. மழை நேராகத் தோலைத் தொட்டுவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் குதிரைக்கு முதல் தேவை மேலே ஒரு கூரை, காற்று வரும் திசையில் மட்டும் ஒரு மறைப்பு, காலடியில் மேடான தரை. நனைந்த குதிரை மீது தார்ப்பாயைப் போர்த்துவது தவறு. ஈரம் உள்ளேயே தங்கித் தோலை ஊறவைக்கும். முதலில் காய்ந்த வைக்கோலைக் கைநிறையத் திரட்டி, கழுத்து, முதுகு, இடுப்பு என்று அழுத்தித் தேய்த்து ரோமத்தை உலர்த்த வேண்டும். அதன் பிறகு காதின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கலாம். அது வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. காதடி ஜில்லென்று இருந்து, உடம்பும் நடுங்கினால் உலர்ந்த போர்வை போடலாம். குட்டிகள், கிழக் குதிரைகள், மெலிந்தவை, நோயுற்றவை ஆகியவற்றுக்கு இந்தத் தாங்கு திறன் குறைவு. அவற்றுக்குப் போர்வை முன்கூட்டியே தேவைப்படும்.

போர்வை வேண்டுமா என்று குதிரையையே கேட்டார்கள்

நார்வேயில் ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று குறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பலகையில் உள்ள குறிக்குப் ‘போர்வை போடு’ என்று பொருள். இன்னொன்றுக்குப் ‘போர்வையை எடு’. மூன்றாவது, வெறும் பலகை. அதற்கு ‘இப்போது இருப்பதே போதும்’ என்று பொருள். குதிரை தன் மூக்கால் ஒரு பலகையைத் தொட வேண்டும். ஒரு நாளைக்குச் சில நிமிடப் பயிற்சி. இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், மழையும் காற்றுமாகக் குளிர்ந்த நாளில் குதிரைகள் போர்வையைக் கேட்டன. வெயில் அடித்த நாளில் எடுத்துவிடச் சொன்னன. எல்லாக் குதிரைகளும் எல்லா நாளும் ஒரே பதிலைச் சொல்லவும் இல்லை.

நம்மிடம் குறிப்பலகை கிடையாது. ஆனால் கேள்வியைக் கேட்கலாம். மழை ஓய்ந்த நேரத்தில் கயிற்றைத் தளர்த்தி, கூரைக்குள் நிற்பதா வெளியே நிற்பதா என்பதைக் குதிரையின் விருப்பத்துக்கு விட்டுப் பார்த்தாலே அதன் பதில் தெரிந்துவிடும். சில குதிரைகள் தூறலில் நனைந்துகொண்டு நிற்பதையே விரும்பும். ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தத்தைப் பொறுக்காத குதிரைகளும் உண்டு. அவற்றை உள்ளே இழுத்துக் கட்டுவது நமக்கு அக்கறை, அவற்றுக்கு அச்சம்.

குணம் எங்கிருந்து வருகிறது?

செஞ்சி இங்கிருந்து தொலைவில் இல்லை. தேசிங்கு ராஜன் கதைப்பாடலில் வரும் பாராசாரியை இந்த மாவட்டத்தில் அறியாதவர்கள் குறைவு. டெல்லி பாதுஷாவின் லாயத்தில் யாரையும் ஏறவிடாமல் நின்ற குதிரை அது. சிறுவன் தேசிங்கு அதை அடக்கி, பரிசாகப் பெற்று வந்தான் என்கிறது கதை. 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்ட தேஜ் சிங், அதாவது தேசிங்கு, வரலாற்று மனிதர். பாராசாரியை உருவாக்கியது மக்களின் கற்பனை. ஆனாலும் அந்தக் கற்பனை ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறது. ஒருவரிடம் அடங்காத குதிரை இன்னொருவரிடம் அடங்கும்.

குணத்தின் ஒரு பகுதி பிறப்பிலேயே வருகிறது. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பந்தயக் குதிரைகளில் டோபமின் ஏற்பி மரபணு ஒன்றின் மாறுபாட்டுக்கும், ஆர்வம், எச்சரிக்கை ஆகிய இயல்புகளுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அதனால்தான் ஒரே லாயத்தில் ஒரே தீவனம் தின்று வளர்ந்த இரண்டு குதிரைகளில், ஒன்று புதுப் பொருளை முகர்ந்து பார்க்கப் போகும், இன்னொன்று பின்னால் எகிறும்.

இன்னொரு பகுதி நம்மிடமிருந்து போகிறது. ஸ்வீடனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நான்கு முறை நடக்க வேண்டும். நான்காவது முறை நடப்பதற்கு முன், ‘இந்தத் தடவை குதிரைக்கு முன்னால் ஒரு குடை விரிக்கப்படும்’ என்று நடப்பவரிடம் சொல்லிவிட்டார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரையின் துடிப்பும் ஏறியது. பிடித்திருக்கும் ஆளின் பயத்தைக் குதிரை கண்டுகொள்கிறது. நம் மழைக்காலத்தில் குடையும், படபடக்கும் தார்ப்பாயும், சேற்றில் வழுக்கும் நம் காலும் சேர்ந்து வரும்போது என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிரளும் குதிரையை மழை நாளில் ஊர்வலத்துக்குக் கொண்டுபோகிறவர், முதலில் தன் மூச்சை நிதானப்படுத்திக்கொள்வது நல்லது. குடை, படுதா போன்றவற்றை மழைக்கு முன்பே, புரட்டாசியின் காய்ந்த நாட்களில், தூரத்தில் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது அதைவிட நல்லது.

முரண்டுக்குப் பின்னால்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைக் காரியவாதியாகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் திடீரென்று கடிவாளத்தை மறுக்கத் தொடங்கிய குதிரையின் வாய்க்குள் ஒருமுறை பார்க்க வேண்டும். குதிரையின் பற்கள் வாழ்நாளின் பெரும்பகுதி வளர்ந்து தேய்ந்துகொண்டே இருப்பவை. கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தால், கடிவாளம் பட்டதும் உயிர் போகும். குதிரை தன் வாயைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மழையால் ஒரு வாரம் கட்டிப் போட்ட குதிரை மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கும். நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடும். இயற்கையில் குதிரை நாளின் பெரும்பகுதியை நடந்து மேய்வதில் கழிக்கும். அந்த நடையும் மேய்ச்சலும் ஒரேயடியாக நின்றால் வாயும் காலும் வேறு வேலை தேடுகின்றன. பிரிட்டனில் பந்தயக் குதிரை லாயங்களை 1995இல் ஆராய்ந்தவர்கள், நாளொன்றுக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாக நார்த்தீவனம் கிடைத்த இடங்களில் இப்படிப்பட்ட பழக்கங்கள் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். மரத்தில் மிளகாய்ப் பொடி தடவுவதும் கழுத்தில் பட்டை இறுக்குவதும் குதிரையைத் தண்டிக்குமே தவிர, காரணத்தைத் தொடாது. தீவனத்தை ஒரே குவியலாகப் போடாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுவது, இன்னொரு குதிரையையோ ஆட்டையோ பார்வையில் படும்படி கட்டுவது, மழை விட்ட அரை மணியில் கையில் பிடித்து நடத்துவது ஆகியவை காரணத்தைத் தொடும்.

வேலையில்லாத நாட்களில் கொள்ளின் அளவைக் குறைக்காமல் போடுவது இன்னொரு ஆபத்து. ஓய்வு நாளில் முழுத் தானியமும் தின்ற குதிரையை மறுநாள் திடீரென்று வேலைக்குக் கிளப்பினால், தொடையும் இடுப்பும் விறைத்து நகர முடியாமல் நின்றுவிடும். தசைநார்கள் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு வண்டிக் குதிரைகளுக்கு வந்ததால் மேற்கில் இதைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே அழைத்தார்கள். நடக்க மறுக்கிறதே என்று அந்த நிலையில் சாட்டையை எடுப்பவர், தசை வலியில் துடிக்கும் உயிரை அடிக்கிறார். அந்த நேரத்தில் ஓர் அடிகூட நடத்தாமல் கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

மண், தோல், மூச்சு

இனி, மழைக்காலத்தில் தினசரி கவனிக்க வேண்டியவை. முதலில் குளம்பு. காலைத் தூக்கிச் சேற்றை நோண்டி எடுத்தால், அடியில் நடுவே முக்கோணமாக ஒரு மெத்தையான பகுதி தெரியும். அதன் இரு பக்கமும் ஓடும் பள்ளங்களில் கறுப்பாகக் கசிவு இருந்து, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் அடித்தால், குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது. காற்றில்லாத ஈரச் சேற்றில் பெருகும் பாக்டீரியாக்களின் வேலை இது. தினமும் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் நிறுத்தினாலே பெரும்பாலும் கட்டுப்படும். காலைத் தொட்டதும் உதைக்கிற குதிரைக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் தவறிப்போகிறது, அழுகலும் முற்றுகிறது. உதைப்பது பழக்கமா, அழுகிய குளம்பின் வலியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து தோல். நாள் கணக்கில் நனைந்த முதுகிலும் இடுப்பிலும் சிறு பொருக்குகள் வரும். ஒன்றைப் பிய்த்தால், நாலைந்து ரோமங்கள் அடியில் ஒட்டிக்கொண்டு வர்ணத் தூரிகையின் நுனி போல இருக்கும். டெர்மடோஃபிலஸ் என்னும் பாக்டீரியா தரும் நோய் இது. சேணம் போடும் இடத்தில் வந்தால், சேணத்தைக் கண்டாலே குதிரை கடிக்க வரும். ஒரு குதிரைக்குப் பயன்படுத்திய துணியையும் தேய்க்கும் பிரஷையும் இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது மூச்சு. குதிரைக்கு வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. படுதாவால் அடைத்த லாயத்தில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா தரையை ஒட்டித் தேங்கும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. முழங்காலிட்டு ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் குதிரைக்கும் எரிகிறது. படுக்கும் இடம் ஈரமாக இருந்தால் அது படுக்கவே படுக்காது. நின்றபடியே குதிரையால் கண் அயர முடியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது கால் மடக்கிப் படுத்தாக வேண்டும். சில இரவுகள் தூக்கம் கெட்ட குதிரை சிடுசிடுப்பதில் வியப்பு என்ன?

மணிலாக் கொடியும் மார்க்கோ போலோவும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதினார். இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைத் தீனியாகக் கொடுத்தார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர்களும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் குதிரையின் குடல் முக்கியமாக நாருக்கே படைக்கப்பட்டது என்பதை அறியாமல் அதை வளர்த்தால், இன்றும் அதுதான் நடக்கும்.

திண்டிவனம் மணிலாப் பயிருக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பெயர் பெற்ற ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரோடு நாடெங்கும் போயிருக்கின்றன. ஆகவே மணிலாக் கொடி இங்கே எளிதில் கிடைக்கும் நல்ல தீவனம். ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொடியிலும் அதில் ஒட்டியிருக்கும் காயிலும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உருவாகும். அது ஈரலைச் சிதைக்கும். மாடு தின்னுகிறதே என்று குதிரைக்குப் போடக் கூடாது. கோழித் தீவனத்தையும் மாட்டுத் தீவனத்தையும் அறவே தள்ளி வைக்க வேண்டும். அவற்றில் சில சமயம் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து மிகச் சிறு அளவிலேயே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

சத்தம் போடாத குதிரை

இத்தனைக்கும் பிறகு, உதைக்கிற, கடிக்கிற, கத்துகிற குதிரையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அது தன் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது சாதுவான குதிரையைப் பற்றி. இரையாகும் விலங்கு தன் பலவீனத்தை மறைக்கப் பழகியது. அதிலும் இயல்பிலேயே அமைதியான குதிரை, வலியை விழுங்கிக்கொண்டு ஓரமாக நிற்கும். குளிர்ந்த நாட்களில் தாகம் குறைகிறது. வெள்ளத்தில் கலங்கிய தண்ணீரை முகர்ந்துவிட்டுச் சில குதிரைகள் குடிக்காமலே இருந்துவிடும். சாதாரணமாக 25 லிட்டருக்கு மேல் குடிக்கும் விலங்கு பாதிகூடக் குடிக்காவிட்டால், காய்ந்த தீவனம் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அடைத்த குடல் உயிரையே எடுக்கும்.

வலியைக் குதிரையின் முகத்திலிருந்து படிக்க 2014இல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். விறைத்துப் பின்னோக்கிய காது, பாதி மூடிய கண், கண்ணுக்கு மேல் இறுகிய தசை, புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விரிந்து விறைத்த நாசி என்று ஆறு அடையாளங்கள். இதோடு சாணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நலமான குதிரை நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை சாணம் போடும். அது பாதியாகக் குறைந்து, குதிரை வயிற்றுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இவற்றை எல்லாம் கண்டுபிடிக்க ஒன்று தேவை. உங்கள் குதிரை நலமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு குடிக்கும், எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும், யாரைக் கண்டால் கனைக்கும், எதைக் கண்டால் மிரளும் என்று ஐப்பசிக்கு முன்பே ஒரு நோட்டில் எழுதி லாயத்தில் மாட்டி வையுங்கள். குதிரைக்கென்றே பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்கள் நம் மாவட்டங்களில் அரிது. அழைத்தால் வருகிற மருத்துவருக்கு அந்த நோட்டு பாதி வேலையை முடித்துத் தரும். ‘எப்போதும் முரண்டு பிடிக்கும்’ என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லாது. ‘நேற்றுவரை கொள்ளைக் கண்டால் காலால் வாளியைத் தட்டும், இன்று தட்டவில்லை’ என்ற சொல்லில் நோய் எப்போது தொடங்கியது என்பதே இருக்கிறது. குதிரையின் குணத்தை நாம் அறிந்து வைத்திருப்பது அதைக் குறை சொல்வதற்காக இருக்கக் கூடாது. அந்தக் குணம் மாறும் நாளை அடையாளம் காண்பதற்காக இருக்க வேண்டும்.